டேரல் அன்று காலை சொன்னது

போன பங்குனி 11, செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு கடிதம் வந்தது. கொரிய மொழியில், ஒரே பக்கம். அதில் எனக்கு வேண்டிய பகுதி இவ்வளவுதான்:

"தங்கள் கடிதமும் இணைப்பும் கிடைத்தன. கூடைப்பந்து அணி எங்கள் நிறுவனத்துக்குக் கைமாறியபோது கோப்பைகளும் ஆட்டக் குறிப்பேடுகளும் மட்டுமே எங்களிடம் வந்தன. ஊழியர் அறிக்கைகள் எவையும் வரவில்லை. ஆகவே தாங்கள் அனுப்பிய திருத்தத்தைச் சேர்ப்பதற்கு இங்கே மூலம் இல்லை. வருந்துகிறோம்."

மரியாதையான கடிதம். நான் அனுப்பிய திருத்தம் ஒரே ஒரு வாக்கியத்துக்கானது. அந்த வாக்கியத்தைச் சேர்த்துவைக்க அங்கே இடம் இல்லை என்றாகிவிட்டது. அதே வாரம் பட்டுக்கோட்டையிலிருந்து செல்வகுமார் போன் செய்தார். அங்குள்ள கூடைப்பந்துக் கழகம் ஒன்றின் செயலாளர். ஆண்டு மலர் போடுகிறார்கள்.

"சார், கொரியாக்காரங்க நம்ம கிரவுண்டுல வந்து ஆடுன கதைய நீங்கதான் எழுதணும். ரெண்டு பக்கம் போதும். அந்த ஆறடி ஒம்பதங்குலத்துக்காரரு ரிங்கைப் புடிச்சுத் தொங்குனாரே, அத மட்டும் மறந்துராதீங்க."

எழுதுகிறேன், ஆனால் உங்களுக்குப் பிடிக்காது என்றேன்.

"புடிக்காட்டி வெட்டிக்கறோம் சார்" என்றார்.

வெட்டினாலும் சரி என்றுதான் எழுதுகிறேன். எனக்கு நாள், மணி குறித்து வைக்கும் பழக்கம் உண்டு. என்னிடம் நாற்பத்தோரு நோட்டுகள் இருக்கின்றன. ஆனால் இந்தக் கட்டுரையில் வருடத்தை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். வருடம் தெரிந்தால் கம்பெனி தெரிந்துவிடும். டேரல் என்பதும் நான் வைத்த பெயர்.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே. அப்பாவும் அவருக்கு முந்தியவர்களும் ஒரே மிராசு குடும்பத்தின் நிலத்தில் வேலை செய்தவர்கள். அப்பா காலத்தில்தான் முக்கால் ஏக்கர் எங்கள் பெயரில் பட்டாவானது. நான் டிப்ளமோ முடித்து, சென்னைக்கு வெளியே ஒரு கொரியக் கம்பெனியின் தொழிற்சாலையில் சேர்ந்தேன். மொழி வகுப்புக்குப் போகிறவர்களை ஒரு மணி நேரம் முன்னதாக விடுவார்கள் என்பதற்காக வகுப்பில் சேர்ந்து, மொழி பிடித்துப்போய்த் தங்கிவிட்டேன். ஆறாம் வருடம் கொரியாவில் உள்ள தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார்கள்.

கம்பெனிக்குச் சொந்தமாக அங்கே ஒரு தொழில்முறைக் கூடைப்பந்து அணி இருந்தது. பெயிண்ட் பிரிவு, ஏற்றுமதிப் பிரிவு என்பது போல அதுவும் ஒரு பிரிவுதான். சட்டையில் கம்பெனியின் பெயர் பெரிதாகவும் ஊரின் பெயர் சிறிதாகவும் இருக்கும். அணி அலுவலகத்தில் இருப்பவர்கள் விளையாட்டுக்காரர்கள் அல்ல. மாற்றலில் வந்த கம்பெனி ஊழியர்கள். வெளிநாட்டு வீரர்களுக்கு ஆங்கிலமும் பயிற்சியாளருக்குக் கொரியமும் பேச ஆள் தேவைப்பட்டது. இரண்டும் தெரிந்தவன் ஏற்கனவே சம்பளப் பட்டியலில் இருக்கிறான் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். ஒரு திங்கட்கிழமை மாற்றல் உத்தரவு வந்தது. கூடைப்பந்தைப் பற்றி அதுவரை எனக்குத் தெரிந்தது பள்ளி மைதானத்து வேலிக்கு வெளியே நின்று பார்த்ததுதான். பதினேழு சீசன் அங்கேயே இருந்தேன்.

மொழிபெயர்ப்பாளரின் வேலை இந்த மாதிரி இருக்கும். ஆட்டத்தின் நடுவே அணி இடைவேளை கேட்டால் ஒன்றரை நிமிடம் கிடைக்கும். பயிற்சியாளருக்கு இடது பக்கம், அரை அடி பின்னால் நிற்க வேண்டும். அவர் பேசி முடிக்கக் காத்திருக்கக் கூடாது. அவர் குரலுக்கு அடியிலேயே நம் குரல் போய்க்கொண்டிருக்க வேண்டும். "அவர் சொல்கிறார்" என்று சொல்லக் கூடாது. அவர் "நான்" என்றால் நாமும் "நான்" என்றே சொல்ல வேண்டும். மற்ற நேரத்தில் வீரரை ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் முடிவெட்டவும் அழைத்துப்போவது நம் பொறுப்பு. தினமும் காலையில் உடல்நிலைத் தாள் நிரப்புவதும் அப்படியே. உள்ளூர் வீரர்களை அணியின் மருத்துவ உதவியாளர் கேட்டு எழுதுவார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்பதால் வெளிநாட்டு வீரர்களை நான் கேட்டு எழுதுவேன். ஒன்று என்றால் நலம், ஐந்து என்றால் ஆட முடியாது.

இன்னொரு வழக்கம் எந்தக் கையேட்டிலும் இல்லை. மற்ற அணிகளின் மொழிபெயர்ப்பாளர்கள் முதல் மாதமே சொல்லிக் கொடுத்தார்கள். பயிற்சியாளர் பத்துப் பங்கு திட்டினால் வீரருக்கு ஆறு பங்கு போதும். வீரர் முறைத்துக்கொண்டு சொல்வதைப் பயிற்சியாளரிடம் நான்கு பங்காக்கிக் கொடு. முழுவதும் போனால் இருவரில் ஒருவர் விமானம் ஏறிவிடுவார். இதை எல்லோரும் செய்தார்கள். நான் நன்றாகவே செய்தேன். முதல் சீசனில் மூன்று சண்டைகளை இப்படி வரவிடாமல் செய்ததாக என் நோட்டில் பெருமையாக எழுதியிருக்கிறேன்.

அணி அலுவலகத்தின் தலைவரைக் குக்ஜாங்நிம் என்று கூப்பிடுவோம். நிம் என்பது நம் "ங்க" மாதிரி மரியாதைக்கு. இருபது வருடம் பெயிண்ட் பிரிவில் இருந்துவிட்டு வந்தவர். ஆட்டம் நடக்கும்போது அவர் புள்ளிப் பலகையைப் பார்த்து நான் கண்டதில்லை; நாற்காலிகள் நிறைந்திருக்கின்றனவா என்றுதான் பார்ப்பார். பஸ் புறப்படுமுன் ஒவ்வோர் இருக்கையின் முதுகையும் தொட்டுக்கொண்டே போய் ஆள் எண்ணுவார். கடைசி ஆள் ஏறாமல் தான் உட்கார மாட்டார். எதையும் ஒரு முறைதான் சொல்வார். அறிக்கைகளை அடிக்கோலை வைத்து வரி வரியாக இறக்கிப் படிப்பார். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அவர் பேசாமல் இருந்தால் எதிரில் இருப்பவர் தானாகப் பேசத் தொடங்குவார். அதுவே அவருடைய முறை.

டேரல் என் நான்காம் சீசனில் வந்தார். அமெரிக்காவின் ஏதோ ஒரு சிறு ஊர். அப்போது வயது முப்பத்தொன்று. விடுதியில் அவர் அறைக்கும் என் அறைக்கும் ஒரே சுவர். மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய்விடுவார்கள். பனிக்காலத்தில் அந்த மூன்று மாடிக் கட்டடத்தில் எங்கள் இருவரைத் தவிரக் காவலாளி மட்டும் இருப்பார். நான் சாதம் வடித்து ரசம் வைப்பேன். டேரல் அதைக் கிண்ணத்தில் வாங்கிக் குடித்துவிட்டு, மிளகைக் குறைக்கச் சொல்லிவிட்டு, மறுபடியும் கிண்ணத்தை நீட்டுவார். அவருடைய மகளுக்கு அப்போது ஆறு வயது. அவளிடம் போனில் பேசும்போது சில நாள் என்னையும் பேச வைப்பார். இரண்டு வருடத்தில் நான் யாருக்கும் மொழிபெயர்க்காமல் என் சொந்த வாயால் பேசியது அவரிடம் மட்டும்தான்.

கம்பெனி சென்னைக்கு அருகே இரண்டாவது தொழிற்சாலை கட்டிய வருடம், சீசனுக்கு முந்தைய பயிற்சிப் பயணமாக அணியைத் தமிழ்நாட்டுக்கு அனுப்ப முடிவானது. சென்னையில் மரத்தளம் போட்ட உள்ளரங்கில் இரண்டு ஆட்டம். மூன்றாவதாக ஒரு சிறிய ஊரில் காட்சி ஆட்டம் வைத்தால் செய்தித்தாளில் வரும் என்று யோசனை எழுதிக் கொடுத்தவன் நான். பட்டுக்கோட்டை என்று எழுதியவனும் நான். அங்கே கூடைப்பந்துக்குக் கூட்டம் கூடும் என்பது உண்மை. இன்னொரு உண்மையும் உண்டு. வரவேற்பு நோட்டீசில் என் பெயர் வரும். முதல் வரிசையில் அப்பாவுக்கு நாற்காலி போடச் சொல்லலாம். அந்த வரிசையில் நாங்கள் வேலை செய்த மிராசு வீட்டாரும் உட்காருவார்கள். அழைப்பிதழை நானே கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன்.

ஆவணி மாதம். சென்னையிலிருந்து தஞ்சாவூருக்குப் பஸ்ஸில் ஒன்பதரை மணி நேரம் ஆனது. குறுவை அறுவடை நடந்துகொண்டிருந்ததால் வழியெல்லாம் ரோட்டில் பாதிக்கு நெல் காயப் போட்டிருந்தார்கள். டேரலின் முழங்கால் முன் இருக்கையில் இடித்துக்கொண்டே வந்தது. தஞ்சாவூரில் தங்கினோம். மறுநாள், சனிக்கிழமை, காலை 7.10க்கு உடல்நிலைத் தாளுடன் அவர் அறைக்குப் போனேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இடது முழங்காலில் ஈரத் துணி போட்டிருந்தார். பட்டுக்கோட்டையில் தளம் மரமா என்று கேட்டார். சிமெண்ட் என்றேன்.

அவர் சொன்னதை அன்று மதியம் பஸ்ஸில் நோட்டில் ஆங்கிலத்திலேயே எழுதினேன். தமிழில் இப்படி வரும்: "இடது முழங்கால் நேத்து ராத்திரியிலேர்ந்து சரியில்ல. மூணுன்னு எழுதிக்க. மரத்தளம்னா ஆடிருவேன். சிமெண்டுல குதிக்க மாட்டேன். பசங்களுக்குச் சொல்லித் தரேன், கையெழுத்துப் போடறேன், போட்டோவுக்கு நிக்கறேன். குதிக்க மட்டும் முடியாது. பயிற்சியாளர்கிட்ட அப்படியே சொல்லிரு."

அப்படியே என்ற சொல்லை அவர் அழுத்திச் சொன்னார்.

7.25க்குப் பயிற்சியாளரைச் சாப்பாட்டு அறையில் பார்த்தேன். தாளில் இரண்டு என்று எழுதியிருந்தேன். பஸ்ஸில் வந்ததால் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது, உடம்பு சூடானால் சரியாகிவிடும் என்று டேரல் சொல்கிறார் என்றேன். அவர் தலையசைத்துவிட்டு முட்டையை உரித்தார். 7.40க்கு டேரலிடம் திரும்பிப் போய், பத்து நிமிடம் சும்மா நின்றால் போதும் என்று பயிற்சியாளர் சொல்கிறார் என்றேன். பயிற்சியாளர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

வழக்கமாகச் செய்கிற குறைப்புதான் இது என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வழக்கமாகச் செய்வது இரண்டு பேருக்கு நடுவில் சண்டை வராமலிருக்க. இது எனக்காக. அவர் ஆடாவிட்டால் கூட்டம் யாரைப் பார்க்க வந்ததோ அவர் இல்லை. நோட்டீசில் இருக்கும் என் பெயருக்கு என்ன மதிப்பு என்று நினைத்தேன்.

நான்கு மணிக்கு ஆட்டம். பள்ளி மைதானத்தைச் சுற்றிக் கூட்டம். மதில் மேல் ஆள், மொட்டை மாடியில் ஆள். தளத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவி, கோடு புதிதாக அடித்திருந்தார்கள். வீரர்களுக்கு இளநீர் சீவிச் சீவிக் கொடுத்தார்கள். அப்பா முதல் வரிசையில் வெள்ளைச் சட்டையுடன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

ஆட்டத்தின் முதல் கால் பங்கு நேரத்தில் டேரல் ஓடவேயில்லை. நின்று பந்தைக் கொடுத்து வாங்கினார். கூட்டம் அவர் சட்டை எண்ணைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தது. பயிற்சியாளர் என்னைத் திரும்பிப் பார்த்து, உடம்பு சூடாகிவிட்டதா என்று கேட்டார். ஆகிவிட்டது என்றேன். டேரலிடம் கேட்காமலே சொன்னேன். ஒரு முறை குதித்து வளையத்தில் போடச் சொல் என்றார். அதை மட்டும் நான் குறைக்காமல் முழுதாக டேரலிடம் கொண்டுபோனேன். அவர் என்னை ஒரு விநாடி பார்த்தார். முதல் தடவை ஏறி இறங்கினார், ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் தடவை வளையத்தைப் பிடித்துத் தொங்கினார். செல்வகுமார் கேட்ட இடம் இதுதான். கூட்டம் எழுந்து நின்றது. அதனால் அவர் இறங்கியதைப் பெரும்பாலோர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். இடது கால் தரையைத் தொட்டதும் உள்பக்கமாக மடங்கியது.

ஓடிப்போய்க் குனிந்தேன். சிமெண்ட் கொதித்தது. அவர் கத்தவில்லை. என் சட்டையைப் பிடித்து இழுத்து ஒன்றுதான் கேட்டார்.

"நீ அவர்கிட்ட சொன்னேல்ல?"

"சொன்னேன்."

அவர் சட்டையை விட்டுவிட்டார்.

அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பிவிட்டு அப்பாவைத் தேடிப் போனேன். நாற்காலியை விட்டு எழுந்து, ஊரிலிருந்து வந்த வேனுக்கருகில் நிழலில் குந்தியிருந்தார்.

"ஏம்ப்பா, அந்த ஆளு பஸ்ஸ விட்டு எறங்கறப்பவே எடது கால ஊனாமத்தானே எறங்குனாரு. அவர ஏன் வெளையாட வுட்டீங்க?"

மிராசு வீட்டில் யாராவது வந்தார்களா, பேசினார்களா என்று கேட்டேன்.

"வந்தாங்க, போனாங்க. அந்த நாக்காலில உக்கார முடியல, நேரா மூஞ்சில வெயிலு" என்றார்.

அன்று மாலை ஆறரைக்குத் தஞ்சாவூர் ஹோட்டலில் குக்ஜாங்நிம் என்னைக் கூப்பிட்டார். ஏதாவது அசம்பாவிதம் என்றால் சம்பந்தப்பட்ட ஊழியர் நடந்ததை வரிசையாக எழுதிக் கொடுக்க வேண்டும். கொரியக் கம்பெனிகளில் அதற்குக் கியோங்விசோ என்று பெயர். தன் பேனாவையே கொடுத்தார். அங்கேயே மேசையில் உட்கார்ந்து எழுதினேன். பஸ் புறப்பட்ட நேரம், வந்த நேரம், ஆட்டம் தொடங்கியது, கீழே விழுந்தது, வண்டி ஏறியது: பதினான்கு வரி. அவற்றில் ஏழாவது: "காலையில் கேட்டபோது வீரர் எந்த வலியையும் தெரிவிக்கவில்லை." இரண்டு என்று எழுதிய தாள் என் பையில்தான் இருந்தது. அதை மடித்து உள்ளே தள்ளினேன்.

அவர் பூவன் பழம் ஒன்றை உரித்துத் தின்றுவிட்டு, கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, அடிக்கோலை வைத்துப் படிக்கத் தொடங்கினார். ஏழாவது வரியில் அடிக்கோல் நின்றது.

"எல்லா வரிக்கும் மணி போட்டிருக்கிறீர்கள். இந்த வரிக்கு மட்டும் இல்லை."

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. வழக்கம்போலப் பேசாமல் இருந்தார். அப்போதாவது நான் பேசியிருக்கலாம். வாயைத் திறந்தால் போதும், எழுதியதைக் கிழித்துவிட்டு வேறு எழுதச் சொல்லியிருப்பார் என்று இன்றும் நினைக்கிறேன். நான் தாளை என் பக்கம் திருப்பி, அந்த வரியின் முன்னால் 7.10 என்று எழுதினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு முத்திரையை எடுத்துக் குத்தினார்.

டேரலின் முழங்காலில் தசைநார் அறுந்திருந்தது. சென்னையில் படம் எடுத்துப் பார்த்து, பன்னிரண்டாம் நாள் அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அவருடைய இடத்துக்கு வேறு வீரரைப் பதிவு செய்ய, போட்டிகளை நடத்தும் கூடைப்பந்துச் சங்கத்துக்குக் காரணம் எழுத வேண்டும். என் அறிக்கையைப் பார்த்து அலுவலகத்தில் யாரோ "முன்பே இருந்த காயத்தை வீரர் மறைத்துள்ளார்" என்று எழுதினார்கள். அந்தப் படிவத்தின் பிரதி எல்லா அணிகளுக்கும் போகும். விமான நிலையத்தில் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனவன் நான்தான். கால் தேறியதும் அடுத்த வருடம் திரும்பி வருகிறேன், ரசப்பொடி வாங்கி வை என்றார்.

அடுத்த கோடையில், எல்லா அணிகளும் வெளிநாட்டு வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில், அவர் விண்ணப்பம் வந்தது. பயிற்சியாளர்கள் விண்ணப்பப் பட்டியலைப் பார்க்கும் மேசையில் நானும் இருந்தேன். விண்ணப்பங்களைக் கொரியத்தில் வாசிப்பது என் வேலை. டேரலின் பெயரை வாசித்ததும் எங்கள் பயிற்சியாளர், "இவர் காயத்தை மறைப்பவர், அடுத்தது" என்றார். நான் அடுத்ததை வாசித்தேன். அந்த வருடம் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. அதற்கடுத்த வருடம் அவர் விண்ணப்பிக்கவில்லை. அவருடைய இரண்டு கடிதங்கள் எனக்கு வந்தன. இரண்டிலும் கோபம் இல்லை. தன் மேல் அந்தக் குறிப்பு எப்படி வந்தது, விசாரித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார். பதில் எழுதினேன், இரண்டையும் தபாலில் சேர்க்கவில்லை.

அதற்குப் பிறகும் பன்னிரண்டு சீசன் வேலை பார்த்தேன். அதே அறை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்பது பேர் வந்து போனார்கள். ஒருவருக்கும் நான் சமைக்கவில்லை. குறைத்துச் சொல்வதையும் விட்டுவிட்டேன். அதனால் இரண்டு வீரர்கள் சண்டை போட்டுக்கொண்டு ஊருக்குப் போனார்கள். எனக்குக் கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்தது, இரண்டு முறையும் சீசன் நடுவில். பிறகு வரவில்லை. அப்பா இறந்தபோது ஒரு வெளியூர் ஆட்டத்தில் இருந்தேன். கம்பெனி அணியை விற்றது. அணி வேறு ஊருக்கு, வேறு பெயருக்குப் போனது. குக்ஜாங்நிம் ஓய்வு பெற்று மூன்றாம் வருடம் காலமானார். நான் ஓய்வு பெற்று மயிலாடுதுறையில் ஒரு சின்ன வீடு வாங்கினேன். இங்கே யாருக்கும் என்னைத் தெரியாது, அது ஒரு வசதி. ஒரு நாளில் நான் பேசும் சொற்களை ஒரு வாரம் எண்ணிக் குறித்தேன். வியாழக்கிழமை பதினொன்று.

திருத்தத்தைச் சேர்க்க அங்கே இடம் இல்லை என்று ஆனதால், இங்கே எழுதுகிறேன். காலை 7.10க்கு, தஞ்சாவூரில், டேரல் தன் இடது முழங்காலில் வலி இருப்பதைத் தெளிவாகச் சொன்னார். சிமெண்ட் தளத்தில் குதிக்க மாட்டேன் என்றும் சொன்னார். அவர் எதையும் மறைக்கவில்லை. மறைத்தது நான்.

கட்டுரையை முக்கால்வாசி முடித்திருந்தபோது செல்வகுமார் மலருக்குப் போட வேறு படம் கிடைக்குமா என்று இணையத்தில் தேடியிருக்கிறார். போன வெள்ளிக்கிழமை காலை 9.20க்கு ஒரு வீடியோ அனுப்பினார். நாற்பது விநாடி. "இவருதானா பாருங்க சார்" என்று எழுதியிருந்தார். ஏதோ ஒரு பள்ளியின் உள்ளரங்கம், மரத்தளம். பத்துப் பதினைந்து சிறுமிகள் பந்து தட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். சுவரோரம் இரும்பு நாற்காலியில் ஒரு பெரிய மனிதர், முடி முழுக்க நரைத்து, கழுத்தில் விசிலோடு. ஒரு சிறுமி பந்தை விட்டுவிடுகிறாள்; அது உருண்டு அவரிடம் வருகிறது. உட்கார்ந்தபடியே குனிந்து ஒரு கையால் எடுத்து எறிகிறார். அவர் டேரல்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அந்த வீடியோவைப் போட்டிருந்த பக்கத்துக்கு, டேரல் பெயருக்கு, மேலே உள்ள திருத்தத்தை ஆங்கிலத்தில், எதையும் குறைக்காமல் அனுப்பியிருக்கிறேன். போய்ச் சேர்ந்ததற்கான குறி வந்தது. படித்ததற்கான குறி இதை எழுதும் வரை வரவில்லை.

வீடியோவை இருபது தடவைக்கு மேல் பார்த்துவிட்டேன். நாற்பது விநாடியிலும் அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. களைப்பாக உட்கார்ந்திருக்கிறாரா, எழ முடியாமல் உட்கார்ந்திருக்கிறாரா என்பது படத்திலிருந்து தெரியவில்லை. செல்வகுமாருக்கும் தெரியவில்லை. டேரல் இப்போது எப்படி நடக்கிறார் என்பதை நான் இன்னும் சரிபார்க்கவில்லை.